குறிப்புத்தாளை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் வாரந்தோறும் பன்னிரண்டு பேருக்கு மைண்ட்ஃபுல்னஸ் (இந்தக் கணத்தில் நடப்பதை நிதானமாகக் கவனிக்கும் பயிற்சி) வகுப்பு எடுக்கிறேன். நிமிடவாரியாகக் குறிப்பு எழுதிச் சென்றால் ஒப்பிப்பது போலாகிவிடுகிறது. எழுதாமல் சென்றால் பேச்சிலேயே நேரம் கரைந்துவிடுகிறது. எவ்வளவு திட்டமிடுவது? – வாசகி, கோவை.

பதில்: நிமிடக் கணக்கை விட்டுவிட்டு, அன்றைய வகுப்பின் நோக்கத்தைத் தாளின் தலைப்பில் ஒரே வரியாக எழுதுங்கள். ஜான் கபாட்-சின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியில், வாரம் ஏறத்தாழ இரண்டரை மணி நேர வகுப்பு, இடையில் ஒரு முழுநாள் பயிற்சி என்று சட்டகம் உறுதியாகவே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பயிற்சிக்கும் பின் நிகழும் உரையாடலை முன்கூட்டி எழுதிவைக்க முடியாது. வந்தவர்கள் சொல்வதிலிருந்துதான் அது பிறக்கும்.

முதல் வகுப்பில் ஓர் உலர்திராட்சையை நிதானமாகப் பார்த்து, முகர்ந்து, மென்று உண்ணும் பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். ஒருவர், “வாயில் போட்டதும் பாட்டி நினைவு வந்து கண் கலங்கிவிட்டது” என்கிறார். உங்கள் தாளிலோ அடுத்து மூச்சுப் பயிற்சி. அவசரமாகத் தாண்டிச் செல்லாமல், “அந்த நினைவு வந்தபோது உடம்பில் எங்கே, என்ன தெரிந்தது?” என்று கேளுங்கள். கவனித்தல்தான் அன்றைய நோக்கம் என்பதால் நீங்கள் திட்டத்தை விட்டு விலகவே இல்லை. அவர் பாட்டி வீட்டுக் கதையைத் தொடர்ந்தால், அதே கேள்வியால் மெல்லத் திருப்பிக் கொண்டுவரலாம்.

நெகிழ்வுக்கும் முன்தயாரிப்பு வேண்டும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. மூச்சைக் கவனிக்கச் சொன்னால் சிலருக்குப் படபடப்பு கூடும். கண்ணைத் திறந்துகொண்டு பாதம் தரையில் படுவதைக் கவனிக்கலாம், அல்லது வெளியே கேட்கும் ஓசைகளைக் கவனிக்கலாம் என்ற மாற்றுவழிகளைத் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் சொல்லிவிட்டால், யாரும் தனித்துத் தெரியாமல் மாறிக்கொள்வார்கள்.

நேரம் குறைந்தால் எதை விடுவது என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பெரும்பாலும் வெட்ட வேண்டியது நம்முடைய விளக்கவுரையைத்தான். நமக்கோ அதுதான் மிகவும் பிடித்த பகுதி! மௌனம் நீளும்போது நமக்கே சங்கடமாகி பயிற்சியை முடிக்கும் மணியை முன்னதாக அடித்துவிட்டு, அதை நெகிழ்வு என்று சொல்லிக்கொள்வதும் உண்டு. அடுத்த வகுப்பில் மணியை எடுக்கும்முன் உங்கள் கையையும் தோளையும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள்; அவசரம் யாருடையது என்று தெரிந்துவிடும்.