கேளுங்கள் டாக்டரை: ஸ்டென்ட் வைத்தும் பொய்க்குழலில் ரத்தம் ஓடுகிறதே?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. எட்டு மாதத்துக்கு முன்பு முதுகைப் பிளப்பது போன்ற வலி வந்து சுருண்டு விழுந்தார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் உள்சுவர் கிழிந்திருக்கிறது, மார்பிலிருந்து கீழே இறங்கும் பகுதியில் கிழிந்ததால் 'டைப் பி' என்றார்கள். பி.பி.யைக் குறைத்து வீட்டுக்கு அனுப்பி, இரண்டு மாதம் கழித்துத் தொடை வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்தார்கள். இப்போது ஆறாம் மாத ஸ்கேனில், 'மார்பில் பொய்க்குழல் உறைந்துவிட்டது, வயிற்றுப் பகுதியில் ரத்த ஓட்டம் தொடர்கிறது' என்று எழுதியிருக்கிறது. சிகிச்சை தோற்றுவிட்டதா? வலி நின்றுபோன மனிதருக்கு இதை ஏன் வைத்தார்கள் என்று அம்மா தினமும் அழுகிறார்.

பதில்: தோற்கவில்லை. நீங்கள் அந்த வாக்கியத்தின் பின்பாதியைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். நான் முன்பாதியைப் படித்து நிம்மதி அடைந்தேன். மார்பில் உறைந்துவிட்டது என்கிறார்களே, ஸ்டென்ட் வைத்ததே அதற்குத்தான்.

மகாதமனியின் சுவர் மூன்று அடுக்கு. உள் அடுக்கு கிழிந்ததும் ரத்தம் நடு அடுக்கைப் பிளந்துகொண்டு இறங்கித் தனக்கென்று ஒரு பாதை போட்டுக்கொள்கிறது. அதுதான் பொய்க்குழல். அதன் வெளிச்சுவர் மெலிந்துபோன சுவர். ஒவ்வொரு இதயத்துடிப்பிலும் அழுத்தம் வாங்கி வாங்கி அது மெல்ல வீங்கும், ஒருநாள் வெடிக்கவும் செய்யலாம். உலோகக் கம்பி வளையங்கள் தைத்த துணிக்குழாய்தான் ஸ்டென்ட் கிராஃப்ட். மேலே உள்ள பெரிய கிழிசலை அது உள்ளிருந்து மூடிவிடும். வரத்து நின்றதும் பொய்க்குழலில் தேங்கிய ரத்தம் உறைந்து, நாளடைவில் சுருங்கும். பழைய ஸ்கேனையும் புதிய ஸ்கேனையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். முதல் படத்தில் மெய்க்குழல், அதாவது ரத்தம் ஓட வேண்டிய அசல் பாதை, கீற்று நிலா மாதிரி நசுங்கிக் கிடக்கும். நன்றாகப் போனால் அடுத்த படத்தில் வட்டமாக விரிந்து நிற்கும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த வட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைந்துவிடும்.

சரி, வயிற்றில் ஏன் இன்னும் ஓடுகிறது? கிழிசல் ஒன்றோடு நிற்பதில்லை. ஈரல், குடல், சிறுநீரகங்களுக்குக் கிளைகள் பிரியும் இடங்களிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அங்கே வெறும் துணிக்குழாயை இறக்கினால் அந்தக் கிளைகளே அடைபட்டுவிடும். தண்டுவடத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் சிறு நாளங்களும் மகாதமனியிலிருந்துதான் பிரிகின்றன. எவ்வளவு நீளம் மூடுகிறோமோ, அவ்வளவுக்குக் கால்கள் செயலிழக்கும் ஆபத்தும் கூடும். அதனால்தான் பெரும்பாலும் மார்போடு நிறுத்திக்கொள்கிறோம். கீழே மிச்சமிருப்பதைக் கண்காணிக்க வேண்டும். அதைத் தோல்வி என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம்.

அம்மாவின் கேள்வி நியாயமானது. ஐரோப்பாவில் 140 பேரை வைத்து, உங்கள் அப்பாவைப் போல நிலைமை கட்டுக்குள் இருந்தவர்களிடமே இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு மாத்திரை மட்டும், இன்னொரு பிரிவுக்கு மாத்திரையோடு ஸ்டென்ட். 2009-ல் வந்த இரண்டு வருடக் கணக்கில், உயிர் பிழைப்பதில் ஸ்டென்டால் ஆதாயம் எதுவும் தெரியவில்லை. 2013-ல் ஐந்து வருடக் கணக்கு வந்தது. மகாதமனிக் கோளாறால் இறந்தவர்கள் மாத்திரைப் பிரிவில் 19.3 சதவீதம், ஸ்டென்ட் பிரிவில் 6.9 சதவீதம். சிறிய ஆய்வுதான், இதை வைத்து எல்லோருக்கும் ஸ்டென்ட் என்று சொல்ல மாட்டேன். வைக்கும்போதே பக்கவாதம் வரலாம். கிழிசல் பின்னோக்கி இதயத்தை நோக்கி ஏறினால் உடனே மார்பைத் திறந்து அறுவை செய்யும்படி ஆகும். ஆனால் இந்த ஆபத்துகளில் பெரும்பகுதி ஆரம்ப நாட்களில்தான், பலன் வருடங்கள் கழித்துத்தான் தெரியும். உங்கள் அப்பா ஆபத்து அதிகமான காலத்தைக் கடந்துவிட்டார். அம்மாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இனி பி.பி.தான் பாதி வைத்தியம். மேல் அளவு 120-ஐ ஒட்டி இருக்க வேண்டும். டாக்டர் வேறு இலக்கு சொல்லியிருந்தால் அதன்படி நடங்கள். என்னிடம் வந்த ஒருவர் நீலநிற நோட்டு ஒன்றில் காலை, மாலை அளவுகளை மூன்று வருடம் விடாமல் எழுதினார். திடீரென்று ஒரு பக்கத்தோடு எழுத்து நின்றிருந்தது. "நல்லாத்தானே இருக்கேன்னு மாத்திரையையும் விட்டுட்டேன் டாக்டர்" என்றார். அடுத்த ஸ்கேனில் வயிற்றுப் பகுதி வீங்கியிருந்தது, மறுபடி சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. உங்கள் அப்பாவுக்கு வலி இல்லாத நாளிலும் மாத்திரை வேண்டும். மூச்சைப் பிடித்துக் கனமான பொருளைத் தூக்க வேண்டாம். நடக்கலாம், நன்றாக நடக்கலாம்.

அப்புறம், ஸ்கேனுக்குப் போகும்போது முதல் ஸ்கேனின் சி.டி.யையும் கொண்டுபோங்கள், ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. அதே இடத்தில் மகாதமனியின் விட்டம் அன்று எத்தனை மில்லிமீட்டர், இன்று எத்தனை என்பதுதான் எங்களுக்கு வேண்டும். அளவு மாறாமல் இருந்தால் பொதுவாக ஒரு வருடம் முடிந்ததும் ஒன்று, பிறகு வருடத்துக்கு ஒன்று. வேகமாகப் பெருத்தாலோ 55 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ மேற்கொண்டு சிகிச்சை பற்றிப் பேசுவார்கள்.

கேள்வி: எனக்கு இதே ஸ்டென்ட் வைத்து ஒரு மாதம் ஆகிறது. இடது கையைத் தூக்கி வேலை செய்தால் சோர்ந்து வலிக்கிறது. வீட்டு மெஷினில் பி.பி. 95 காட்டுகிறது. மாத்திரையைக் குறைக்கலாமா?

பதில்: குறைக்காதீர்கள்! முதலில் வலது கையில் அளந்து பாருங்கள். ஸ்டென்டின் மேல்முனை நன்றாகப் பிடித்து நிற்க இடம் வேண்டும் என்பதற்காக, இடது கைக்குப் போகும் தமனியின் வாயை மூடியிருக்கலாம். அப்போது கைக்கு ரத்தம் சுற்றுவழியில் வரும். அந்தக் கையில் அளந்தால் பி.பி. குறைவாகத்தான் காட்டும், வலது கையில் 150 இருக்கக்கூடும். சோர்வு பலருக்கு மெல்லக் குறைந்துவிடும். கையை அசைக்கும்போது தலை சுற்றினாலோ விரல்கள் சில்லிட்டு வெளுத்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள், கழுத்துத் தமனியிலிருந்து மாற்றுவழி போட முடியும். முன்பு இதய பைபாஸ் செய்துகொண்டவர் என்றால் அதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பைபாஸுக்குப் பயன்படுத்தும் மார்புத் தமனி அந்தக் கைத்தமனியிலிருந்துதான் கிளம்புகிறது.

கேள்வி: அண்ணனுக்கு 38 வயதிலேயே மகாதமனி கிழிந்தது. எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. நானும் பார்த்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: வேண்டும், இந்த மாதமே. அந்த வயதில் கிழிந்தால் மார்ஃபான் போன்ற பரம்பரைக் கோளாறு இருக்கிறதா என்று தேடுவோம். கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள், பெற்றோர் எல்லோருக்கும் எக்கோ எடுக்க வேண்டும். அது மகாதமனியின் ஆரம்பப் பகுதியைத்தான் நன்றாகக் காட்டும். கீழ்ப்பகுதிக்குச் சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோ தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்வார். போகும்போது அண்ணனின் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் எடுத்துப்போங்கள்.