மிச்ச நூலில் ஒரு ஸ்வெட்டர்

கேள்வி: தேவிகுளம் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்து, 58 வயதில் வேலை முடிந்து வீட்டில் இருக்கிறேன். இப்போது அதே தோட்டத்தில் வேலை செய்யும் என் மகளுக்குக் கொடுத்த லயத்து வீட்டில்தான் நானும் தங்கியிருக்கிறேன். மகன் கொச்சியில் வேலையாக இருக்கிறான். அவனுக்கு ஆண் குழந்தை பிறந்து பத்து மாதம் ஆகிறது. போடிக்குப் போகும்போதெல்லாம் மகள் வாங்கி வரும் நல்ல கம்பளி நூலில், கண் வலிக்க வலிக்க உட்கார்ந்து, பேரனுக்கு இதுவரை ஏழு ஸ்வெட்டர் பின்னி அனுப்பிவிட்டேன். மருமகள் ஒன்றை மட்டும் போட்டுப் படம் எடுத்து அனுப்பினாள். மற்றவை அலமாரியில் மடித்தபடி இருக்கின்றன. கேட்டால், "வேர்க்குரு வருகிறது அத்தை" என்கிறாள். இங்கே மகள் வயிற்றுப் பேத்திக்கு ஒரு வயது. அவளுக்கும் மிச்ச நூலில் ஒன்று போட்டுக் கொடுத்தேன். கை கொஞ்சம் குட்டையாகிவிட்டது. ஆனாலும் மகள் ஒரு குறை சொல்லாமல் தினமும் போட்டுவிடுகிறாள். பெற்ற மகளுக்கு இருக்கும் மதிப்பு மருமகளுக்கு ஏன் இல்லை? மகனிடம் சொல்லிக் கண்டிக்கச் சொல்லலாமா?
— வாசகி, இடுக்கி மாவட்டம்

பதில்: அம்மா, மகனிடம் எதுவும் சொல்ல வேண்டாம். உங்கள் மருமகள் பேரில் எனக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை. பட்டுப்பாவாடை, வெள்ளிக் கிண்ணம், காதுகுத்துத் தோடு என்று பொருள் மாறுமே தவிர, "நான் ஆசையாகக் கொடுத்ததை மருமகள் பயன்படுத்தவில்லை" என்ற இதே கடிதம் எனக்கு மாதம் தவறாமல் வருகிறது. அவற்றுக்கெல்லாம் பொறுமையாகச் சமாதானம் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு அப்படி எழுத மனம் வரவில்லை.

மருமகளின் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். கொச்சியில் ஜனவரி மாத விடியற்காலையில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. அந்தப் புழுக்கத்தில் கம்பளி போட்ட குழந்தைக்கு வியர்க்கும், வியர்த்தால் வேர்க்குரு வரும். கைக்குழந்தையைத் தூக்கத்தில் அதிகச் சூடாக வைத்திருப்பது, உறக்கத்திலேயே நேரும் திடீர் மரணத்துக்கான ஆபத்தைக் கூட்டும் என்பதால், மருத்துவர்களும் அதைக் கூடாது என்றே சொல்கிறார்கள். குழந்தையின் பிடரியில் கை வைத்துப் பார்த்து, ஈரமாக இருந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றியிருக்கிறாள் அந்தப் பெண். கழற்றியதை எறியாமல் மடித்து வைத்து, உங்கள் மனம் குளிரப் படமும் அனுப்பியிருக்கிறாள். இதற்குமேல் என்ன மதிப்பை எதிர்பார்க்கிறீர்கள்?

நான் கேட்க வேண்டியது வேறு. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "மிச்ச நூலில் ஒன்று போட்டுக் கொடுத்தேன்." மருமகளைக் குறை சொல்லும் அவசரத்தில், மகளைப் புகழ்வதற்காக எழுதிய வரி அது. அதைப் படித்த பிறகு மற்ற வரிகளில் எனக்குக் கவனம் செல்லவில்லை.

உங்கள் தேவிகுளத்தை அடுத்த மூணாறு வட்டாரம் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. செவன்மலை, லெட்சுமி, செண்டுவாரை தோட்டங்களின் பக்கங்களில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் வெப்பம் பூஜ்யத்துக்கும் கீழே போய், உறைபனியில் புல் வெளுத்துக் கொழுந்து கருகும் விடியல்களை எனக்கு நீங்கள் சொல்லித் தரலாம். அத்தனை வருடம் அதில் நின்று வேலை செய்தவர் நீங்கள். ஸ்வெட்டர் தேவைப்படும் குழந்தை அந்தக் குளிரில், உங்கள் கைக்கெட்டும் தூரத்தில், உங்கள் காலடியில் தவழ்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு ஒன்று, அதுவும் மிச்சத்தில். விசிறி தேவைப்படும் ஊரில் இருக்கும் குழந்தைக்கு ஏழு. அந்த ஒன்றும் மணிக்கட்டுக்கு எட்டவில்லை!

கை குட்டையானது தற்செயல் என்று நீங்கள் சொன்னால், பின்னத் தெரிந்த எவரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரு வயதுக் குழந்தைக்கு முழுக்கை ஸ்வெட்டர் போட 150 முதல் 200 கிராம் நூல் பிடிக்கும் என்பது, முதல் வரிசைக் கண்ணிகளை ஊசியில் ஏற்றும்போதே உங்களுக்குத் தெரியும். முன்பக்கம், பின்பக்கம் பின்னி முடித்துக் கடைசியில்தான் கைக்கு வருவது நம் பெண்களின் வழக்கம் என்பதால், நூல் போதாவிட்டால் அந்தப் போதாமை கையில்தான் வந்து நிற்கும் என்பதும் தெரியும். ஏழு முறை கணக்குப் பார்த்து நூல் எடுத்து வைத்த நீங்கள், எட்டாவது முறை கணக்கே பார்க்கவில்லை. கை முடியாமல் நூல் தீர்ந்தபோது, இன்னொரு உருண்டை வாங்கி வரச் சொல்லி நான்கு நாள் பொறுத்திருக்கலாம். பேரனுடையதாக இருந்தால் பொறுத்திருப்பீர்கள்.

அந்த நூலை வாங்கியது யார்? மகள் வாங்கி வருகிறாள் என்று எழுதினீர்களே தவிர, பணம் யாருடையது என்று எழுதவில்லை. எழுதாததால் அவளுடையது என்றே எடுத்துக்கொள்கிறேன். வீடு யாருடையது என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். தோட்டத்தில் வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் பெயர் பதிந்து வேலைக்குப் போனால்தான் பெற்றவர்கள் அந்தக் கூரையின் கீழ் தொடர்ந்து இருக்க முடியும். உங்கள் மகன் கொச்சிக்குப் போக முடிந்ததும், உங்கள் மகள் போகாமல் நின்றதும் வேறு வேறு கதைகள் அல்ல. விடிவதற்குள் சோறாக்கி வைத்துவிட்டு, மழையிலும் பனியிலும் அவள் மலையேறுவதால்தான் நீங்கள் உட்கார்ந்து பின்ன ஓர் இடம் இருக்கிறது. அவள் கூலியில் வந்த நூல் ஏழு முறை மலையிறங்கிப் போக, அவள் பெற்ற பிள்ளைக்கு மிச்சம் வந்திருக்கிறது.

2015 செப்டம்பரில், 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறு சாலையில் ஆயிரக்கணக்கான தேயிலைத் தோட்டப் பெண்கள் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களை அருகில் விடாமல், தாங்களே பேசி அதை வாங்கிக்கொண்டு எழுந்தார்கள். உழைப்பது யார், பலனை அள்ளுவது யார் என்பதுதான் அவர்கள் கேட்டதன் சாரம். நீங்களும் அங்கே இருந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்; இல்லாவிட்டாலும் அந்த போனஸில் உங்களுக்கும் பங்கு வந்திருக்கும். அதே கேள்வியை உங்கள் மகள் அடுப்படியில் நின்று உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அவள் கேட்க மாட்டாள் என்ற தைரியத்தில் இருக்கிறீர்கள். "ஒரு குறை சொல்லாமல் போட்டுவிடுகிறாள்" என்று அதை மதிப்பின் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். குளிருக்கு வேறு ஸ்வெட்டர் இல்லாததால் அவள் அதைப் போட்டுவிடுகிறாள், அம்மா.

மகன் வயிற்றுப் பேரன்தான் குலம், மகள் பிள்ளை வேறு வீட்டுப் பிள்ளை என்ற எண்ணத்தை நான் எந்த வீட்டிலும் ஏற்பதில்லை. பெண்ணின் கூலியில் அடுப்பெரியும் தோட்டத்து லயத்திலிருந்து அது வரும்போது எனக்குக் கோபமே வருகிறது. பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் மீது ஆசை கூடக் குறைய இருக்கலாம், அதை யாராலும் தடுக்க முடியாது. கொடுப்பதில் கூடக் குறைய இருக்கக் கூடாது. அதிலும் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்குக் குறைப்பது கொஞ்சமும் நியாயமில்லை.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கொச்சிக்கு எட்டாவது ஸ்வெட்டர் வேண்டாம். அவர்கள் மலைக்கு வரும்போது ஒன்றைக் கொண்டு வந்தால் போதும் என்று மருமகளிடம் நீங்களே நல்ல வார்த்தையில் சொல்லிவிடுங்கள். சின்னதாகிப்போனவற்றைத் திரும்ப வாங்கிப் பிரித்து, அந்த நூலில் பேத்திக்குப் பெரிதாக ஒன்று பின்னலாமே என்று இதைப் படிக்கும்போதே ஒரு கணக்கு மனதில் ஓடும். அது வேண்டாம். அதுவும் மிச்ச நூல்தான்.

புது நூல் வாங்குங்கள், உங்கள் பணத்தில். அக்ரிலிக் நூல் விலை குறைவு, துவைத்தால் சுருங்காது. ஆனால் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். விறகடுப்புள்ள வீட்டில் தவழும் குழந்தைக்கு ஆட்டுக்கம்பளியே நல்லது; அதை வெந்நீரில் போடாமல் பச்சைத் தண்ணீரில் அலசினால் சுருங்காது. கழுத்தில் கட்டும் நாடா வைக்காதீர்கள். பொத்தான்களைப் பிள்ளை வாயால் கடித்து இழுத்தாலும் வராதபடி தைத்துவிடுங்கள்.

அளவை உத்தேசமாகப் போட வேண்டாம். அளக்க வேண்டிய குழந்தை வீட்டிலேயே இருக்கிறது. மார்புச் சுற்றளவை நாடா வைத்து அளந்து, அதோடு ஐந்து சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். இந்த முறை கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னுங்கள். பிள்ளை வளர வளரக் கையையும் உடம்பையும் பிரித்து நீட்டிக்கொள்ள அதுதான் வசதி. கையை மணிக்கட்டுக்கும் கீழே நான்கு விரற்கடை நீளம் விட்டு, மடித்துவிடுங்கள். நிறத்தை உங்கள் மகளிடம் கேளுங்கள். அடுத்த முறை போடிக்குப் போகும்போது அவளோடு நீங்களும் பஸ் ஏறி, கடையில் அவள் காட்டும் நூலை எடுத்து, ஓர் உருண்டை கூடுதலாகவே வாங்குங்கள்.