மணி அடிக்கிறது, குரல் வரவில்லை!

கேள்வி: அலுவலகத்தில் ஆஸ்டரிஸ்க் (அழைப்புகளை இணைத்துத் தரும் மென்பொருள்) சர்வர் வைத்து இணையத் தொலைபேசி பயன்படுத்துகிறோம். சர்வர் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிறது. வெளியிலிருந்து அழைப்பு வந்தால் மணி அடிக்கிறது, எடுத்தால் நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்பதே இல்லை. அப்படியே காத்திருந்தால் அரை நிமிடத்தில் இணைப்பும் அறுந்துவிடுகிறது. 5060 போர்ட்டை, அதாவது தகவல் வந்துபோகும் அந்த எண் கொண்ட வாசலை, திறந்துவிட்டேன். இன்னும் எந்தெந்த போர்ட்டைத் திறக்க வேண்டும்?

பதில்: போர்ட் திறப்பது பாதி வேலைதான். 5060இல் போவது சிப் (SIP) என்ற அழைப்புக் கட்டுப்பாட்டுத் தகவல் மட்டும், அதாவது யார் அழைக்கிறார்கள், எடுத்தார்களா, வைத்தார்களா என்பது. குரல் ஆர்.டி.பி. (RTP) என்ற தனி வழியில், வேறு யூ.டி.பி. (UDP) வகை போர்ட்டுகளில் வருகிறது. ஆஸ்டரிஸ்கின் ஆர்.டி.பி. அமைப்புக் கோப்பில் வழக்கமாக 10000 முதல் 20000 வரை என்று இருக்கும், அந்த வரம்பை ரவுட்டரில் சர்வருக்குத் திருப்பிவிடுங்கள். அவ்வளவு எதற்கு என்று தோன்றினால் தாராளமாகக் குறைக்கலாம். ஓர் அழைப்பின் இரண்டு பக்கமும் சர்வர் வழியாகப் போனால் நான்கு போர்ட் போதும், ஆகவே சின்ன அலுவலகத்துக்கு 10000 முதல் 10200 வரை வைத்தாலே நிறைய மிச்சம் இருக்கும். கோப்பிலும் ரவுட்டரிலும் ஒரே எண்கள் இருக்கட்டும்.

சரி, மீதிப் பாதி என்ன? உங்கள் சர்வருக்கு, இணையத்தில் தெரியும் தன் வெளி முகவரி (பொது ஐ.பி.) தெரியாது. "குரலை 192.168.1.10க்கு அனுப்பு" என்று உள் முகவரியையே எதிர்முனைக்கு எழுதி அனுப்புகிறது, அந்த முகவரி இணையத்தில் எங்கும் செல்லாது, அதனால்தான் அவர்கள் குரல் உங்களை வந்து சேரவில்லை. அரை நிமிடத்தில் அறுவதற்கும் இதுவே காரணமாக இருக்க அதிக வாய்ப்பு: நீங்கள் எடுத்ததும் எதிர்முனை அனுப்ப வேண்டிய ஒப்புதல் தவறான முகவரிக்குப் போய்விடுகிறது, சர்வர் 32 விநாடி பார்த்துவிட்டு அழைப்பை முடித்துவிடுகிறது. ஆஸ்டரிஸ்கில் சிப்பைக் கையாளும் பகுதியான பிஜேசிப் (PJSIP) அமைப்பில் வெளி முகவரி கேட்கும் இரண்டு இடங்கள் உண்டு, ஒன்று சிக்னலிங்குக்கு (சிப் தகவல்), ஒன்று மீடியாவுக்கு (குரல்). இரண்டிலும் உங்கள் பொது ஐ.பி.யைக் கொடுங்கள், லோக்கல் நெட் என்ற இடத்தில் உள் வலையமைப்பைக் கொடுங்கள்.

அப்புறம் ரவுட்டரில் சிப் ஏ.எல்.ஜி. (SIP ALG, சிப் செய்திகளை இடையில் திருத்தும் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள். உள் முகவரியை ரவுட்டர் வெளி முகவரியாக மாற்றும் 'நாட்' (NAT) முறைக்கு உதவத்தான் அதை வைத்தார்கள், ஆனால் பல ரவுட்டர்களில் அது சிப் செய்திகளைத் தப்பும் தவறுமாகத் திருத்தி வைக்கிறது.

இவ்வளவு செய்தும் வரவில்லையென்றால் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் இணைய நிறுவனமே இன்னொரு நாட் வைத்திருக்கிறது என்று அர்த்தம், உங்கள் ரவுட்டரில் எந்த போர்ட்டைத் திறந்தும் பயனில்லை, பொது ஐ.பி. கேட்டு வாங்க வேண்டும்.

தயவுசெய்து ஒன்றை இன்றைக்கே செய்யுங்கள்: 5060ஐ உலகத்துக்கே திறந்து வைக்காதீர்கள். அந்த போர்ட்டைத் தேடிக் கடவுச்சொல்லை ஊகிக்கும் நிரல்கள் இணையத்தில் ஓயாமல் ஓடுகின்றன, உள்ளே நுழைந்தால் உங்கள் கணக்கில் வெளிநாட்டு அழைப்புகளைப் போட்டுத் தள்ளுவார்கள். தொலைபேசிச் சேவை தரும் நிறுவனத்தின் ஐ.பி.களுக்கு மட்டும் ஃபயர்வாலில் அனுமதி கொடுங்கள், வெளியிலிருந்து இணையும் ஊழியர்கள் வி.பி.என். (VPN) என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக வரட்டும்.