காரில் அவசரச் சாப்பாடு: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: மறைமலை நகரில் இருந்து அடிக்கடி காரில் திருச்சி போய் வருகிறோம். நான், கணவர், 7 வயதிலும் 3 வயதிலும் இரண்டு பிள்ளைகள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் விழுப்புரம் பக்கம் நெடுஞ்சாலை மேல் வெள்ளம் ஓடி வண்டிகள் நின்ற பிறகு, காரில் எப்போதும் கொஞ்சம் சாப்பாடு இருக்கட்டும் என்று தோன்றுகிறது. ஆன்லைனில் 'எமர்ஜென்சி ஃபுட் கிட்' 4,500 ரூபாய்க்கு வருகிறது. 5 வருடம் கெடாது என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பணம் அதிகம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்த 5 வருடம் உங்கள் காருக்குப் பொருந்தாது.

பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் காலாவதித் தேதிக்குப் பக்கத்திலேயே 'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். அந்த நிபந்தனையோடு சேர்ந்ததுதான் தேதி. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் 38 டிகிரி வெயிலில் கார்களை நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 47 டிகிரி, டேஷ்போர்டு 69 டிகிரி. நிழலில் நின்ற கார்களில் 38 டிகிரி. நம்முடைய மே மாதத்துக்கு அந்த வெயில் ஒன்றும் அதிகமில்லை. வெப்பம் 10 டிகிரி ஏறினால் உணவு கெடும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது உணவுத் துறையில் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. 5 வருடம் எவ்வளவு சீக்கிரம் கரையும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

வெப்பத்தைத் தாங்கவே செய்யும் உணவும் இருக்கிறது. கப்பல்களின் உயிர்காப்புப் படகில் வைக்கும் ரேஷன் கட்டிகள் அவை: மாவு, கொழுப்பு, சர்க்கரை சேர்த்து அழுத்தி, காற்றுப் புகாமல் கட்டியது. படகில் ஒரு ஆளுக்குக் குறைந்தது 10,000 கிலோ ஜூல், அதாவது சுமார் 2,400 கலோரி இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. கடலில் நாள் கணக்கில் மிதப்பவர்களுக்கு அது சரி. விக்கிரவாண்டியில் நிற்கும் குடும்பத்துக்கு எதற்கு? அதோடு, கிட் என்று விற்பதில் பலவும் இந்த வகை இல்லை. கொட்டிப் பிரித்தால் உடனடி உப்புமா, நூடுல்ஸ், சாக்லேட் என்று கிடக்கும். நடு ரோட்டில் வெந்நீருக்கு எங்கே போவது?

நமக்கு ஒரு வசதி உண்டு. சாலை அடைபடும் ஆபத்து பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில்தான். அந்த மாதங்களில் கார் அவ்வளவு சூடாவதும் இல்லை. அதனால் வருடம் முழுக்க டிக்கியில் உணவைச் சுமக்க வேண்டாம். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவும்போது டப்பாவை நிரப்பி உள்ளே வையுங்கள், பொங்கலுக்கு எடுத்துச் சாப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள். கத்திரி வெயிலில் காருக்குத் தண்ணீர்தான் தேவை.

என்ன வைக்கலாம்? பொட்டுக்கடலை அரைக் கிலோ, பேரீச்சம்பழம் அரைக் கிலோ, இரண்டு மூன்று பாக்கெட் சாதாரண குளுக்கோஸ் பிஸ்கட். மளிகைக் கடையில் 300, 400 ரூபாயில் முடிந்துவிடும். நால்வர் ஒரு இரவும் மறுநாள் பகலும் தாக்குப் பிடிக்கலாம். 3 வயதுக் குழந்தைக்குக் கடலையை முழுசாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். பொட்டுக்கடலை மாவில் நாட்டுச் சர்க்கரை கலந்து தனியாக வையுங்கள். பேரீச்சையையும் கொட்டை எடுத்துக் கொடுங்கள். முறுக்கு, மிக்சர், சிப்ஸ் வேண்டாம். எண்ணெய்ப் பண்டம் சூட்டில் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், தாகமும் எடுக்கும். கடலை மிட்டாய் மழைக்காலத்தில் சில வாரம் தாங்கும், வெயிலில் பாகு இளகி ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம், டப்பா எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். சாதாரண நாளில் டிக்கி நல்ல இடம். மழை நாளில் கிளம்பும்போது பின் சீட்டுக்கு மாற்றிவிடுங்கள். வெளியே முழங்கால் தண்ணீர் நிற்கும்போது இறங்கி டிக்கியைத் திறக்க முடியாது. தரையிலும் வைக்காதீர்கள், தண்ணீர் உள்ளே வந்தால் முதலில் நனைவது அதுதான்.

கேள்வி: காரில் சூடான பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீரைக் குடித்தால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

பதில்: அந்தச் செய்தி சொல்கிற அளவுக்குப் பயப்பட வேண்டாம். அந்தப் பாட்டில்கள் பெரும்பாலும் 'பெட்' பிளாஸ்டிக். அதிலிருந்து ஆன்டிமனி என்ற உலோகம் சிறிதளவு தண்ணீரில் இறங்கும். அரிசோனா அரசுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட கணக்கில், தொடர்ந்து 60 டிகிரியில் வைத்தால் அமெரிக்கக் குடிநீர் வரம்பைத் தாண்ட 176 நாள் ஆகும், 80 டிகிரியில் 2.3 நாள் போதும். கார் 80 டிகிரிக்குப் போவதில்லை, 60 டிகிரியிலும் இரவு பகலாக நிற்பதில்லை. ஒரு மதியம் சூடான பாட்டிலைக் குடித்ததற்காகக் கவலைப்பட ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் சீட்டுக்கு அடியில் உருண்டுகொண்டிருந்த பாட்டிலை மட்டும் குடிக்காதீர்கள், கண்ணாடி துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் பாட்டிலில் வீட்டுத் தண்ணீரைப் பிடித்து ஒவ்வொரு பயணத்துக்கும் மாற்றுவது செலவில்லாத வழி. ஆளுக்கு 2 லிட்டராவது இருக்கட்டும்.

கேள்வி: சூடாக்கிச் சாப்பிடும் சாம்பார் சாதப் பாக்கெட்டுகள் சிலவற்றை ஏப்ரலில் வாங்கிக் காரிலேயே வைத்திருந்தேன். ஜூனில் பார்த்தால் ஒன்று பந்து மாதிரி உப்பியிருந்தது. காலாவதி ஆக இன்னும் 8 மாதம் இருக்கிறது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் உங்கள் பக்கம் பலவீனமானது. லேபிளில் 'குளிர்ந்த இடத்தில்' என்று இருந்தால், ஏப்ரல், மே இரண்டு மாதமும் பாக்கெட் எங்கே இருந்தது என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

பையில் அடைத்து உயர் வெப்பத்தில் பதப்படுத்திய உணவில் நுண்ணுயிர்கள் எல்லாமே செத்துவிடுவதில்லை. வெப்பம் விரும்பும் சில வகைகளின் வித்துகள் பிழைத்துக் கிடக்கும். வீட்டு அலமாரிச் சூட்டில் அவை எழுந்திருக்காது என்பதால்தான் அந்த உணவு மாதக்கணக்கில் தாங்குகிறது. 45 டிகிரியைத் தாண்டிய கார் அவற்றுக்குத் தோதான இடம். இன்னொரு சங்கடம், இவற்றில் சில வகை காற்றை உண்டாக்காமலே உணவைப் புளிக்க வைத்துவிடும். அதனால் உப்பாத மற்ற பாக்கெட்டுகளையும் நம்ப வேண்டாம். டின் உணவுக்கும் இதே கதைதான். உப்பியதை ருசி பார்க்கவே கூடாது.

வாங்கிய சில நாளில், வீட்டில் இருக்கும்போதே உப்பியிருந்தால் நிலைமை வேறு. பில், பேட்ச் எண், புகைப்படம் மூன்றையும் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் கொடுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: காரில் வைக்க ஓ.ஆர்.எஸ். பானம் டெட்ரா பாக்கெட்டில் வாங்கலாமா, பொடியா?

பதில்: பொடி. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பு, சர்க்கரை அளவில் தயாரித்தது என்று உறையில் இருக்க வேண்டும். அந்த அளவில் இல்லாத இனிப்புப் பானங்கள் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பெரிய பாக்கெட்டுக்கு முழுசாக 1 லிட்டர் தண்ணீர் வேண்டும், அரை லிட்டரில் கலக்கக் கூடாது.

கேள்வி: காரில் தின்பண்டம் வைத்தால் எலி வருமா?

பதில்: வர வாய்ப்பு உண்டு. தின்பண்டத்துக்கு வந்தது ஒயரையும் கடித்துவிட்டுப் போகும். மெக்கானிக்குக் கொடுக்கும் தொகையில் பல வருடத்துக்குப் பொட்டுக்கடலை வாங்கலாம். பிளாஸ்டிக் டப்பா போதாது, இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு அல்லது சம்படம் வையுங்கள். பிள்ளைகள் சீட்டில் சிந்தும் பிஸ்கட் தூளையும் அன்றன்றே தட்டிவிடுங்கள், எலிக்கு அதுவே போதும்.

கேள்வி: அப்பா இன்சுலின் போடுபவர். அவருக்காக என்ன வைக்கலாம்?

பதில்: சர்க்கரை திடீரென்று இறங்கினால் கொடுக்க குளுக்கோஸ் பொடி, எல்லா மாதமும், கை எட்டும் இடத்தில். அதன் பிறகு சாப்பிட நான்கு பிஸ்கட். இன்சுலினை மட்டும் நிறுத்திய காரில் விட்டுவிட்டு இறங்காதீர்கள், இறங்கும்போது பையோடு எடுத்துப் போங்கள். சூட்டில் வீரியம் போன இன்சுலின் பார்வைக்குப் பல சமயம் நல்லது மாதிரியே இருக்கும்.