அனீமியா என்றால் இரத்தமே இல்லை என்று பொருளா?

அம்மாவுக்கு அனீமியா என்று மருத்துவர் சொன்னதும், அதற்கு 'இரத்தம் இல்லாமை' என்று பொருளா என்று பயந்து எழுதியிருந்தீர்கள். இல்லை, உங்கள் அம்மாவின் உடலில் இரத்தம் இருக்கிறது, பயப்படாதீர்கள். அந்தக் கிரேக்கச் சொல்லைப் பிரித்தால் நீங்கள் எழுதியபடி 'இரத்தம் இல்லாமை' என்றுதான் வரும். ஆனால் மருத்துவர் குறிப்பது, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபின் குறைவை. கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இறங்கினால் அந்தப் பெயர்.

தொடக்கத்தில் உள்ள 'அன்' என்ற முன்னொட்டை 'அறவே இல்லை' என்று படித்ததுதான் குழப்பத்துக்குக் காரணமாக இருக்கும். 'சிறுநீர் இல்லாமை' என்று பொருள்படும் அனூரியாவிலும் அது 'அறவே இல்லை' அல்ல: ஒரு நாளில் சிறுநீர் 100 மில்லிலிட்டருக்குக் குறைந்தாலே அந்தச் சொல் வந்துவிடும். அப்னியாவிலோ மூச்சு உண்மையாகவே சிறிது நேரம் நிற்கிறது.

இந்த முன்னொட்டு மெய்யெழுத்துக்கு முன் 'அ', உயிருக்கு முன் 'அன்' என்று வரும். தர்மம் அதர்மமாவதும் ஆதி அனாதியாவதும் வடமொழியில் இதே விதிப்படிதான். கிரேக்கமும் அதுவும் ஒரே மொழிக்குடும்பம். எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது.

ஒரு சொல்லில் இந்த முன்னொட்டு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் அதை நீக்கிவிட்டு, மிச்சம் வேறு சொல்லில் வருகிறதா என்று பாருங்கள். லுக்கீமியா (இரத்தப் புற்றுநோய்), யூரீமியா (இரத்தத்தில் கழிவுகள் சேர்வது) இரண்டிலும் 'ஈமியா' இரத்தத்தைத்தான் குறிக்கிறது.

அனூரிசம் மட்டும் ஏமாற்றும். அது இரத்தக்குழாயின் சுவர் புடைத்து விரிவது. அங்கே 'இல்லை' என்ற பொருளே கிடையாது. இன்னொன்று: சொல்லின் பொருள் நோயின் கடுமையைச் சொல்லாது. அறிக்கையில் உள்ள எண்ணைப் பார்த்து, குறைவுக்குக் காரணம் என்னவென்று மருத்துவரிடம் கேளுங்கள்.