வாசகர் கேள்விகள்: மகளாகி வந்த மீன்

கேள்வி: ஊர்த் திருவிழாவில் திமிங்கலத்தைக் காப்பது பற்றி நாடகம் போட நினைக்கிறோம். "ஒரு நாள் பாடு போனால் நாடகக்காரனா சோறு போடுவான்?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நாடகத்தால் எங்காவது ஏதாவது மாறியிருக்கிறதா?
- ஒரு வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: மாறியிருக்கிறது, குஜராத்தில். சௌராஷ்டிரக் கரையில், வேராவல் பக்கம், திமிங்கலச் சுறா என்ற பெரிய மீனை 1990களில் நூற்றுக்கணக்கில் பிடித்தார்கள். கொக்கியை மாட்டி, அதோடு காலி பீப்பாய்களைக் கட்டி மிதக்கவிட்டு, மீன் களைத்துப்போகும் வரை விரட்டுவார்கள். அதனால் அந்த மீனுக்கே 'பேரல்' என்று பெயர் விழுந்துவிட்டது. கல்லீரல் எண்ணெய் மரப்படகுக்குப் பூச, இறைச்சி ஏற்றுமதிக்கு. 2001-ல் சட்டம் தடை போட்டது, ஆனால் கரையில் பலருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே அப்போது தெரிந்திருக்கவில்லை.

2004-ல் இந்திய வனவுயிர் அறக்கட்டளையும் வனத்துறையும் இன்னும் சிலரும் சேர்ந்து ஊர் ஊராகப் போனார்கள். ராமகதை சொல்லும் மொராரி பாபு, இது பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள், அவளையா கொல்வீர்கள் என்று கேட்டார். வீதி நாடகமும் அதே கதைதான்: மீனவர் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் ஒரு பக்கம், கடலில் அந்த மீன் ஒரு பக்கம். நிஜ மீன் அளவுக்கே காற்றடைத்த ஒரு பொம்மையைச் செய்து கூடவே கொண்டு போனார்கள். பேரல் என்ற பெயர் போய் 'வஹாலி' என்றானது, செல்லமானவள் என்று பொருள். அதற்குப் பிறகு மீனவர்களே தங்கள் வலையை அறுத்து நூற்றுக்கணக்கான மீன்களை விடுவித்திருக்கிறார்கள்.

நாடகம் மட்டுமே இதைச் செய்ததாக நினைத்துவிடாதீர்கள். அறுத்த வலைக்கு வனத்துறை இழப்பீடு கொடுத்தது. அது இல்லாமல் மகள், தாய்வீடு என்று எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும், கடன் வாங்கி வலை வாங்கியவர் எப்படி அறுப்பார்? உங்கள் ஊர்ப் பெரியவர்கள் கேட்பது நியாயமான கேள்வி, அதை அப்படியே நாடகத்தில் ஒரு பாத்திரத்தின் வாயில் வையுங்கள், முடிந்தால் அவர்களில் ஒருவரையே நடிக்கச் சொல்லுங்கள். மீனவரை வில்லனாக்கினால் பாதியிலேயே கூட்டம் எழுந்து போய்விடும், போகத்தான் வேண்டும்.

கேள்வி: எங்கள் கதையில் மணப்பாட்டில் ஒதுங்கிய திமிங்கலங்களைக் காட்டலாமா? அதற்கும் குஜராத் மீனுக்கும் என்ன வித்தியாசம்?
- அதே வாசகர்

பதில்: கட்டாயம் காட்டுங்கள், அது உங்கள் கரையின் கதை. 2016 ஜனவரியில் 80-க்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் அங்கே கரை ஏறின, 1973 ஜனவரியிலும் அதே கரையோரத்தில் 147 ஏறியிருந்தன. 2016-ல் மீனவர்கள் படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துப் போய் விட்டார்கள், விட்டவற்றில் பல திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தன. அந்த ஒரு காட்சி போதும், வசனமே வேண்டாம்.

வித்தியாசம் என்று கேட்டால், திமிங்கலச் சுறா மீன், செவுளால் மூச்சு விடும், அதைச் சீக்கிரம் தண்ணீருக்குள் விட வேண்டும். திமிங்கலம் பாலூட்டி, நம்மைப் போல நுரையீரலால் காற்றை இழுக்கும், தலை மேல் மூச்சுத் துளை இருக்கும். கரையில் கிடந்தால் ஈரத்துணி போர்த்தித் தோலை நனைத்துக்கொண்டே இருக்கலாம், ஆனால் அந்தத் துளையில் துணியோ தண்ணீரோ மணலோ படக்கூடாது. வாலையோ துடுப்பையோ பிடித்து இழுத்தால் மூட்டு கழன்றுவிடும். வனத்துறைக்கு உடனே சொல்ல வேண்டும், கூட்டத்தைத் தள்ளி நிறுத்த வேண்டும். இதையெல்லாம் மேடையில் பாடமாகச் சொல்லாமல் ஒரு சிறுவன் துணியை நனைத்து நனைத்துப் போடுவதாகவும், மூச்சுத் துளையை மூடப்போன அவன் கையை அவன் அம்மாச்சி தட்டிவிடுவதாகவும் செய்து பாருங்கள்.