கவுனி அவலுக்குக் குழந்தைகள் விரும்பும் பெட்டியை எப்படி வடிவமைப்பது?

காரைக்குடியில் கவுனி அரிசி அவலைக் குழந்தைகளின் காலை உணவாக விற்கப்போகிறீர்கள், பெட்டி தனித்துத் தெரிய வேண்டும் என்கிறீர்கள். கார்ட்டூன் புலி, குரங்கு எல்லாம் வேண்டாம். அவை ஏற்கெனவே கடை நிறைய இருக்கின்றன.

உங்கள் பொருளிலேயே ஒரு அதிசயம் இருக்கிறது. கவுனியின் கருநிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் என்ற நிறமி நீரில் கரையும். அதனால் பாலும் ஊதாவாகும். முகப்பில் அதையே காட்டுங்கள்: வெள்ளைக் கிண்ணம், ஊதாவாக மாறும் பால்.

பக்கவாட்டுக்கு உங்கள் ஊர்ப்பக்கத்து ஆத்தங்குடி டைல்ஸின் பூ வடிவம். பூவை அப்படியே ஒட்டினால் அது வெறும் அலங்காரம்தான். பல டைல்ஸில் கால் பூ மட்டுமே இருக்கும், நான்கைச் சேர்த்தால்தான் முழுப்பூ. அதேபோல ஒரு பெட்டிக்குக் கால் பூ அச்சிடுங்கள். கடைக்காரர் அடுக்கும்போது பூ விரியும். வீட்டில் பிள்ளை அட்டையை வெட்டிச் சேர்த்து வைக்கும். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த யோசனை. பின்பக்கம் பதினான்கு குழிகளோடு பல்லாங்குழி வரையலாம்.

பெட்டிக்குப் பதில் ஓலைக் கொட்டான் (ஓலையில் முடைந்த கூடை) அழகுதான், ஆனால் அவல் நமத்துவிடும். அட்டைப்பெட்டியானாலும் உள்ளே ஈரம் புகாத, சூட்டில் ஒட்டிய பை கட்டாயம்.

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் முத்திரையுடன் 14 இலக்க உரிம எண், சைவ உணவுக்குறியான பச்சைச் சதுரத்துள் பச்சை வட்டம், நிகர எடை, எம்.ஆர்.பி., தேதி, ஊட்டச்சத்து அட்டவணை ஆகியவற்றுக்கு முதலிலேயே இடம் ஒதுக்குங்கள். சர்க்கரை அளவைத் தாய்மார் கண்ணில் படும்படி போடுங்கள். ‘மூளை வளர்ச்சிக்கு’ போன்ற வாசகங்களை ஆதாரமில்லாமல் அச்சிடவே கூடாது.